மாநிலப் பூங்காவைச் சட்டத்தின் பூட்டுக்குள் வைப்பது எப்படி: அமெரிக்க இயற்கைப் பகுதிகளுக்கான முழுமையான வழிகாட்டி

டெக்சாஸ் மாநிலத்தின் ஃபேர்ஃபீல்ட் ஏரி மாநிலப் பூங்கா 1976-இல் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 1,800 ஏக்கர் பரப்பில் மீன்பிடித் துறைகளும் கூடாரத் திடல்களும் நடைபாதைகளும் இருந்த அந்தப் பூங்காவுக்கு மூன்று தலைமுறையினர் வந்து போனார்கள். 2023-இல் அது மூடப்பட்டது. வாசலில் இருந்த பலகை மாநிலத்தின் பலகைதான், சீருடை அணிந்திருந்தவர்களும் மாநில ஊழியர்கள்தான், ஆனால் நிலம் மட்டும் மாநிலத்துக்குச் சொந்தமாக இருக்கவில்லை. ஒரு மின் நிறுவனத்திடமிருந்து குத்தகைக்குப் பெற்ற நிலம் அது. நிறுவனம் ஏரியையும் நிலத்தையும் மனை வணிகர் ஒருவருக்கு விற்றபோது குத்தகையோடு பூங்காவும் போயிற்று. கட்டாயக் கையகப்படுத்தல் வழியாக மீட்கலாம் என்று மாநில ஆணையம் முடிவெடுத்தது; செலவைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு அதே ஆண்டின் இறுதியில் அந்த முயற்சியைக் கைவிட்டது.

பூங்கா என்ற பெயர் எதையும் காப்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் நிகழ்ச்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. காப்பது பத்திரம், சட்டம், அரசமைப்பு ஆகியவற்றில் எழுதப்பட்டிருக்கும் சொற்கள். ஆகவே எந்த மாநிலப் பூங்காவைப் பற்றிப் பேச்சு எழுந்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த நிலத்தை வேறு பயனுக்கு எடுத்துக்கொள்ள எத்தனை கைகள் உயர வேண்டும்? ஓர் அதிகாரியின் கையெழுத்து போதுமா, சட்டமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மை வேண்டுமா, ஐந்தில் மூன்று பங்கா, அல்லது மக்களே வாக்களிக்க வேண்டுமா? இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு படியும் அந்த எண்ணிக்கையை உயர்த்துவதற்கானது.

அமெரிக்காவில் மாநிலப் பூங்காக்கள் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டவை. எனவே ஐம்பது மாநிலங்களுக்கும் ஒரே நடைமுறை கிடையாது. இங்கே வட கரோலினாவை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன். மாநிலப் பூங்காக்களையும் இயற்கைப் பகுதிகளையும் பொதுக் காப்பகமாக அறிவிப்பதற்கு அதன் அரசமைப்பிலேயே தனிப் பிரிவு இருப்பதும், அந்த நடைமுறையைப் படிப்படியாகப் பின்தொடர முடிவதும் காரணம். மற்ற மாநிலங்களில் வசிப்பவர்களுக்கான குறிப்புகள் இடையில் வரும்.

படி 1: தாய்ப்பத்திரத்திலிருந்து தொடங்குங்கள்

வீட்டு மனை வாங்கும்போது வில்லங்கம் பார்ப்பதைப் போலவே பூங்காவுக்கும் பார்க்க வேண்டும். நிலம் அமைந்துள்ள கவுன்ட்டியின் (மாநிலத்தின் உட்பிரிவான நிர்வாக வட்டாரம்) பத்திரப் பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரங்கள் புத்தக எண், பக்க எண் வாரியாகக் கிடைக்கும். பெரும்பாலான கவுன்ட்டிகளில் இணையத்திலேயே தேடலாம். ஒரு பூங்கா ஒரே பத்திரத்தில் வந்திருப்பது அரிது. பத்தும் இருபதும் ஐம்பதுமாகத் துண்டுத் துண்டாக வாங்கப்பட்டோ தானமாகப் பெறப்பட்டோ சேர்ந்ததாகவே இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியே விடை காண வேண்டியவை இவை: மாநிலம் முழு உரிமையாளரா, குத்தகைதாரரா, அல்லது பாத்தியதை மட்டுமே உள்ளவரா? நிலத்தடிக் கனிம உரிமை நிலத்தோடு சேர்ந்து வந்ததா, முன்பே பிரித்து விற்கப்பட்டதா? மின்கம்பி, எரிவாயுக் குழாய், சாலை ஆகியவற்றுக்கு வழிப்பாத்தியதைகள் கொடுக்கப்பட்டுள்ளனவா? கொடுத்தவர் ஏதேனும் நிபந்தனை விதித்திருக்கிறாரா?

பழைய பத்திரங்களைப் படிக்கப் பொறுமை வேண்டும். எல்லை ஒரு பாறையில் தொடங்கி, வடக்கே இத்தனை ‘போல்’ சென்று, ஒரு வெள்ளை ஓக் மரத்தை அடைந்து, அங்கிருந்து ஓடையின் போக்கிலேயே இறங்கும். ஒரு போல் என்பது பதினாறரை அடி. அந்த ஓக் மரம் எப்போதோ விழுந்திருக்கும். ஓடையும் இடம் மாறியிருக்கலாம். நம் ஊர்ப் பழைய பத்திரங்களில் பனைமரமும் வாய்க்காலும் நான்கெல்லையாக நிற்பதைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்த நடை புதிதாகத் தோன்றாது. ஐயம் எழும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, உரிமம் பெற்ற நில அளவையாளரிடம் புதிய அளவை வரைபடம் கேட்பதே முறை.

நிபந்தனைகளைத் தேடும் வேலையை மட்டும் அவசரப்பட்டு முடிக்காதீர்கள். ராலே நகரை ஒட்டியுள்ள வில்லியம் பி. அம்ஸ்டெட் மாநிலப் பூங்காவின் பெரும்பகுதியான 5,000-க்கும் மேற்பட்ட ஏக்கர் நிலம், 1943-இல் கூட்டாட்சி அரசிடமிருந்து வட கரோலினாவுக்கு 1 டாலருக்குக் கைமாறியது. பொதுப் பூங்கா, பொழுதுபோக்கு, இயற்கைப் பாதுகாப்பு ஆகிய பயன்களுக்கே நிலத்தைப் பயன்படுத்த வேண்டும் என்ற ஷரத்தோடு வந்தது அந்த நிலம். இத்தகைய ஷரத்து உங்கள் பூங்காவின் பத்திரத்திலும் இருந்தால், அதுதான் உங்களிடம் உள்ள முதல் பூட்டு. அதைக் கண்டுபிடிக்காமலே போராடித் தோற்றுப்போவது நேரக்கூடியது.

இதே பூங்காவிலிருந்து இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பொதுப் பயன் என்று எழுதப்பட்டிருந்தும், 1950-இல் அதன் ஒரு பகுதி ரீடி க்ரீக் என்ற பெயரில் கறுப்பின மக்களுக்கான தனிப் பூங்காவாகப் பிரிக்கப்பட்டது. 1966-இல்தான் இரண்டும் ஒன்றாயின. ‘பொது’ என்ற சொல்லைக் காப்பதும் நிலத்தைக் காப்பதோடு சேர்ந்த கடமை. நீங்கள் எழுதப்போகும் வரைவில் அனைவருக்கும் அணுகல் என்பதை வெளிப்படையாக எழுதுங்கள்.

எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். அம்ஸ்டெட் பூங்காவை ஒட்டி விமான நிலைய ஆணையத்தின் பொறுப்பில் இருந்த 105 ஏக்கர் காடு 2019-இல் கல் குவாரிக்காகக் குத்தகைக்கு விடப்பட்டபோது, பூங்காவின் எந்தப் பாதுகாப்பும் அதற்குப் பொருந்தவில்லை. நடந்து செல்பவரின் கண்ணுக்குக் காடு ஒரே காடாகத்தான் தெரிகிறது. சட்டத்தின் கண்ணுக்குக் கோடு மட்டுமே தெரிகிறது.

படி 2: அங்கே என்ன வாழ்கிறது என்பதை எழுத்தில் கொண்டுவாருங்கள்

சட்டமன்றக் குழுவின் முன்னும் நீதிமன்றத்தின் முன்னும் “அழகான இடம்” என்ற வாதம் நிற்காது. எந்த இனம், எந்த வாழிடம், எவ்வளவு அரியது என்ற பதிவு வேண்டும். வட கரோலினாவில் 1976 முதல் இயற்கை மரபுத் திட்டம் என்ற அரசுப் பிரிவு இத்தகைய பதிவுகளைத் தொகுத்து வருகிறது. ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் இதற்கு இணையான பிரிவு உண்டு. உங்கள் பகுதி அவர்களுடைய பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், கள ஆய்வுக்கு வருமாறு எழுத்து மூலம் வேண்டுங்கள். உள்ளூர்ப் பறவை ஆர்வலர்களும் தாவரவியல் மாணவர்களும் எடுத்த குறிப்புகள், நாளும் இடமும் சரியாக இருந்தால், நல்ல துணைச் சான்றாகும்.

இதன் வலிமையை வேமவுத் வுட்ஸ் இயற்கைக் காப்பகத்தில் காணலாம். 1963-இல் கேத்தரின் பாய்ட் என்பவர் 403 ஏக்கரைத் தானமாகக் கொடுத்ததால் பிறந்தது அது. வட கரோலினாப் பூங்கா அமைப்பில் இயற்கைப் பகுதி என்ற வகையில் சேர்ந்த முதல் இடமும் அதுவே. நீள ஊசியிலைப் பைன் காடுகள் ஒரு காலத்தில் அமெரிக்கத் தென்கிழக்கில் ஏறத்தாழ 9 கோடி ஏக்கரில் பரவியிருந்தன. இன்று எஞ்சியிருப்பது அதன் மிகச் சிறிய பங்கு. அந்த மிச்சத்தில், 1548 வாக்கில் முளைத்ததாக வளையங்களை எண்ணிக் கணித்த பைன் ஒன்று வேமவுத் வுட்ஸில் இன்னும் உயிரோடு நிற்கிறது. அருகே உள்ள மரங்களில் கையளவுத் துளையைச் சுற்றி மெழுகுவத்தி உருகி வழிந்ததைப் போல வெள்ளைப் பிசின் இறங்கியிருக்கும். செங்கொண்டை மரங்கொத்தி தன் கூட்டைச் சுற்றி மரத்தைக் கொத்திக் கொத்திப் பிசினை வழியவிடுகிறது; ஏறி வரும் பாம்பு அந்தப் பிசினைத் தாண்ட இயலாது. உயிருள்ள முதிய பைனில் மட்டுமே இந்தப் பறவை கூடு குடைகிறது, ஒரு கூட்டை முடிக்க அதற்கு ஆண்டுகள் ஆகும் என்ற இரண்டு செய்திகளையும் அறிக்கையில் சேர்த்தால், வெட்டிய இடத்துக்குப் பதில் வேறிடத்தில் கன்று நடுகிறோம் என்பவருக்கு அதுவே பதிலாகிவிடும்.

இன்னொரு பயனும் உண்டு. எந்தப் பகுதி எவ்வளவு மென்மையானது என்று தெரிந்தால், எங்கே வாகன நிறுத்தம் இருக்கலாம், எங்கே கால் வைக்கவே கூடாது என்று வரைபடத்தில் பிரிக்கலாம். பின்னால் வரும் வரைவு வேலைக்கு இந்த வரைபடம் இன்றியமையாதது.

படி 3: எந்தப் பூட்டு, எத்தனை பூட்டு

பூங்காவை உருவாக்கும் சாதாரணச் சட்டம் அடித்தளம் மட்டுமே. இன்றைய பெரும்பான்மை எழுதியதை நாளைய பெரும்பான்மை அழித்துவிட முடியும். 1966-இல் மாசச்சூசெட்ஸ் உச்ச நீதிமன்றம், கிரேலாக் மலைக் காப்பகத்தில் கம்பிவழி ஊர்தியும் பனிச்சறுக்கு மையமும் அமைப்பதற்கான குத்தகையைச் செல்லாது என்று தீர்த்தது. பொதுப் பூங்கா நிலத்தை வேறு பயனுக்குத் திருப்புவதென்றால் சட்டமன்றம் அதைத் தெளிந்த சொற்களில் சொல்லியிருக்க வேண்டும் என்பது அங்கே வகுக்கப்பட்ட நெறி. வேறு எந்தப் பாதுகாப்பும் இல்லாத பூங்காவுக்கு இந்தப் பொது நம்பிக்கைக் கோட்பாடு கைகொடுக்கலாம். ஆனால் தெளிந்த சொற்களில் சொல்ல விரும்பும் சட்டமன்றத்தை அது தடுக்காது.

அடுத்தது அர்ப்பணிப்புப் பத்திரம். இல்லினாய் மாநிலம் 1963-இல் இயற்கைக் காப்பகங்களுக்கென ஆணையம் ஒன்றை ஏற்படுத்தி இதற்கு வழிகாட்டியது. வட கரோலினாவில் 1985-ஆம் ஆண்டின் இயற்கைக் காப்பகச் சட்டத்தின் கீழ், தனியார் நிலமோ அரசு நிலமோ, அதன் இயற்கை மதிப்புக்காகவே அர்ப்பணிக்கப்பட்டதாகப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம். இதற்குச் சட்டமன்ற வாக்கெடுப்பு தேவையில்லை என்பதால் விரைவாக முடியும். சில மாதங்களில் ஒரு பாதுகாப்பு கிடைத்துவிடும் என்பதால், பெரிய பூட்டுக்குக் காத்திருக்கும் காலத்தில் முதலில் இதைச் செய்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

இந்த வகைப் பத்திரத்தின் மதிப்பை ஒஹையோ மாநிலத்தில் நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2023 ஜனவரியில் கையெழுத்தான ஒரு சட்டம், மாநில நிலங்களின் கீழுள்ள எண்ணெயையும் எரிவாயுவையும் குத்தகைக்கு விடும் வழியை அகலத் திறந்தது. அதே ஆண்டு நவம்பரில் சால்ட் ஃபோர்க் மாநிலப் பூங்காவுக்கான குத்தகைக்கு ஒப்புதல் கிடைத்தது. ஆனால் மாநில இயற்கைக் காப்பகங்களாக அர்ப்பணிக்கப்பட்ட நிலங்களை அந்தச் சட்டம் தொடவில்லை. ஒரே அரசு, ஒரே ஆண்டு. பெயர்ப்பலகையில் ‘பூங்கா’ என்றிருந்த நிலத்துக்கு ஒரு முடிவு, ‘காப்பகம்’ என்று பத்திரம் எழுதப்பட்ட நிலத்துக்கு வேறொரு முடிவு.

மூன்றாவது, எல்லாவற்றிலும் உறுதியானது, அரசமைப்புப் பாதுகாப்பு. வட கரோலினாவின் வாக்காளர்கள் 1972-இல் தங்கள் அரசமைப்பின் 14-ஆம் பிரிவில் 5-ஆம் கூறைச் சேர்த்தார்கள். நிலத்தையும் நீரையும் குடிமக்கள் அனைவரின் நன்மைக்காகக் காப்பது மாநிலத்தின் கொள்கை என்று அது சொல்கிறது. அதன் கீழ் ‘மாநில இயற்கை மற்றும் வரலாற்றுக் காப்பகம்’ என்ற ஓர் ஏற்பாடு உருவானது. நடைமுறைச் சட்டம் 1973-இல் வந்தது. ஒரு நிலத்தை இந்தக் காப்பகத்தில் சேர்க்க இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் வாக்களிக்க வேண்டும். சேர்த்த நிலத்தை வேறு பயனுக்கு எடுக்கவும் அதே அளவு வாக்குகள் வேண்டும். செனட்டில் 50 பேர், பிரதிநிதிகள் அவையில் 120 பேர் என்பதால், முறையே 30 கைகளும் 72 கைகளும் உயர வேண்டும். அவைக்கு வராதவரும் வாக்களிக்காதவரும் எதிர்வாக்குக்குச் சமம். வந்திருப்போரில் பெரும்பான்மை என்ற கணக்கு இங்கே செல்லாது.

மற்ற மாநிலங்களில் இதன் வடிவம் மாறும். மாசச்சூசெட்ஸ் 1972-இல் ஏற்ற 97-ஆம் அரசமைப்புத் திருத்தம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கைக் கேட்கிறது. 2022-இல் வந்த சட்டம், எடுக்கப்படும் நிலத்துக்கு ஈடான நிலத்தைத் தர வேண்டும் என்பதையும் சேர்த்தது. பென்சில்வேனியாவின் 1971-ஆம் ஆண்டுத் திருத்தம் பொது இயற்கை வளங்களின் அறங்காவலராக மாநிலத்தை நிறுத்துகிறது. நியூயார்க்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் சொற்களின் வலிமை என்ன என்பதை அங்கேதான் நூறாண்டுக்கும் மேலாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

அடிராண்டாக், காட்ஸ்கில் மலைகளில் மாநிலத்துக்குச் சொந்தமான வனக் காப்பு நிலங்கள் என்றென்றும் காட்டு நிலமாகவே வைக்கப்பட வேண்டும், அவற்றைக் குத்தகைக்கு விடவோ விற்கவோ மாற்றிக்கொள்ளவோ கூடாது, அவற்றின் மரங்களை விற்கவோ அகற்றவோ அழிக்கவோ கூடாது என்று 1894-ஆம் ஆண்டு அரசமைப்பு மாநாடு எழுதிவைத்தது. இன்று அது 14-ஆம் பிரிவு. இதில் விலக்கு வேண்டுமானால் அடுத்தடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு சட்டமன்றங்கள் ஒப்ப வேண்டும். பிறகு மாநில மக்கள் வாக்களிக்க வேண்டும். 1932 குளிர்கால ஒலிம்பிக்கிற்காக லேக் பிளாசிட் அருகே பனிச்சறுக்கு வண்டித் தடம் அமைக்கச் சட்டமன்றம் இசைந்தது; ஏறத்தாழ 2,500 மரங்கள் போகும். உலகமே வரப்போகும் விழா, பரப்போ நாலரை ஏக்கர்தான். 1930-இல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் கூடாது என்றது. தடம் தனியார் நிலத்தில் அமைந்தது. 2021-இல் அதே நீதிமன்றத்தின் முன், பனி ஊர்திகளுக்கான 27 மைல் தடங்களுக்காகச் சுமார் 25,000 மரங்களை வெட்டும் திட்டம் வந்தது. அதுவும் அரசமைப்புக்கு முரண் என்று தீர்ப்பாயிற்று. ‘இயன்றவரை’, ‘தகுந்த அளவில்’ போன்ற நெகிழ்வான அடைமொழிகள் இல்லாமல், அகற்றவோ அழிக்கவோ கூடாது என்று நேராக எழுதியிருந்ததால்தான் இரண்டு முறையும் மரங்கள் பிழைத்தன.

படி 4: வரைவு எழுதுதல்

வேலையின் கடினமான பகுதி இதுதான். பெரும்பாலான குழுக்கள் இதை வழக்கறிஞரிடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. அந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற வழக்கறிஞர் கட்டாயம் வேண்டும். ஆனால் காட்டை அறிந்தவர் அருகில் உட்காராமல் நல்ல வரைவு உருவாகாது.

எல்லையை எழுதும்போது நாளையும் எழுத வேண்டும். வட கரோலினாவின் காப்பகப் பட்டியல், இந்த நாளில் இந்தப் பூங்காவின் எல்லைக்குள் உள்ள நிலங்களும் நீரும் என்ற பாங்கிலேயே பல பூங்காக்களைக் குறிக்கிறது. அந்த நாளுக்குப் பிறகு வாங்கப்பட்ட நிலம் தானாகவே பட்டியலில் சேர்ந்துவிடாது. பூங்காவுக்குள்ளேயே, ஒரே நடைபாதையின் இரு பக்கங்களில், பூட்டுக்குள் இருக்கும் நிலமும் பூட்டுக்கு வெளியே இருக்கும் நிலமும் அமைந்துவிட இது ஒன்றே போதும். எனவே புதிய நிலங்களைச் சேர்க்கும் திருத்தச் சட்டம் காலந்தோறும் வர வேண்டும். அதை நினைவூட்டும் பொறுப்பு குடிமக்கள் குழுவுக்கு உண்டு.

விலக்குகளை முன்கூட்டியே செதுக்குங்கள். ஏற்கெனவே உள்ள மின்கம்பித் தடம், அகலப்படுத்தப்படப் போகும் பாலம், அண்டை வீட்டாரோடு தீராத எல்லைத் தகராறு ஆகியவற்றை அளந்து, வரைபடப் புத்தகப் பக்கத்தோடு குறிப்பிட்டு வெளியே வைத்துவிட வேண்டும். விட்டுக்கொடுப்பதாகத் தோன்றினாலும் இது பூட்டைப் பலப்படுத்தும் செயல். ஒரு கம்பம் நடுவதற்கும் இரு அவைகளின் ஐந்தில் மூன்று பங்கு வாக்கு வேண்டும் என்ற நிலை வந்தால், சட்டமன்றம் விலக்கு கொடுத்துப் பழகிவிடும். பழகிய கை பெரிய விலக்குக்கும் எளிதாக உயரும்.

பராமரிப்புக்கு இடம் வையுங்கள். நீள ஊசியிலைப் பைன் காடு தீயோடு வாழ்வது. சில ஆண்டுகளுக்கொரு முறை தரைத்தீ ஓடாவிட்டால் ஓக் புதர்கள் அடர்ந்து, பைன் கன்றுகள் வெளிச்சமின்றி மடிகின்றன. வில்மிங்டன் நகரைச் சுற்றிய கடலோரச் சமவெளியில் மட்டுமே இயல்பாக வளரும் வீனஸ் பூச்சிப்பொறிச் செடியும் அப்படித்தான். தீ ஓய்ந்தால் புதர் நிழலில் மறைந்துவிடும். எதையும் எரிக்கக் கூடாது, எதையும் வெட்டக் கூடாது என்று நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட ஒரு வரி, காக்க வந்த காட்டையே கொன்றுவிடும். நியூயார்க்கின் மலைக்காட்டுக்குப் பொருந்திய சொற்களை இங்கே அப்படியே படியெடுக்க முடியாது. திட்டமிட்ட எரிப்பு, அயல் தாவரங்களை அகற்றுதல், பாதை பழுதுபார்ப்பு ஆகியவை அனுமதிக்கப்பட்டவை என்று பெயர் சொல்லி எழுதுங்கள். வணிக மரவெட்டு, கனிமம் எடுத்தல், தங்கும் விடுதி, கோல்ஃப் மைதானம் ஆகியவை தடுக்கப்பட்டவை என்பதையும் அதே போலப் பெயர் சொல்லியே எழுதுங்கள்.

பெயர் சொல்லி எழுதுவதன் தேவையை ஃபுளோரிடா மாநிலம் 2024 ஆகஸ்டில் உணர்ந்தது. ஒன்பது மாநிலப் பூங்காக்களில் கோல்ஃப் மைதானங்கள், பந்தாட்டத் திடல்கள், 350 அறைகள் வரை கொண்ட விடுதிகள் அமைக்கும் திட்டம் வெளியானபோது, கட்சி வேறுபாடின்றி மக்கள் திரண்டார்கள். திட்டம் திரும்பப் பெறப்பட்டது. திரண்ட கூட்டம் கலைந்துபோகும் முன்பே அடுத்த வேலையைச் செய்தார்கள் என்பதுதான் நாம் கற்க வேண்டியது. பூங்காக்களில் இத்தகைய கட்டுமானங்களைத் தடுக்கும் சட்டம் 2025-இல் நிறைவேறியது.

படி 5: சட்டமன்றத்துக்குக் கொண்டு செல்லுதல்

வட கரோலினாவில், நிலத்தைக் காப்பகத்தில் சேர்க்கும் கோரிக்கை ‘கவுன்சில் ஆஃப் ஸ்டேட்’ என்ற குழு வழியாகச் சட்டமன்றத்துக்குப் போகலாம். ஆளுநர், துணை ஆளுநர், அரசு வழக்கறிஞர், வேளாண் ஆணையர் உள்ளிட்ட, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த பத்துப் பேர் அதில் இருக்கிறார்கள். அதற்கு முன் மாநிலப் பூங்காத் துறையின் ஒப்புதலைப் பெறுங்கள். துறை எதிர்க்கும் கோரிக்கை அரிதாகவே நகரும். பிறகு அந்த மாவட்டத்தின் செனட்டரையும் பிரதிநிதியையும் அணுக வேண்டும். முதல் சந்திப்புக்கே வரைபடத்தையும் ஒரு பக்கச் சுருக்கத்தையும் கையில் கொண்டு செல்லுங்கள். நிலத்தை ஒட்டி வாழும் விவசாயிகளையும் வேட்டைக்காரர்களையும் உங்களோடு அழைத்துச் செல்ல முடிந்தால், நகரத்தார் கிராமத்து நிலத்தைப் பறிக்கிறார்கள் என்ற பேச்சு எழாது. இரு கட்சிகளிலிருந்தும் முன்மொழிபவர்கள் கிடைத்தாலொழிய ஐந்தில் மூன்று என்ற கணக்கு கைகூடுவது கடினம்.

சட்டம் நிறைவேறிய பிறகு, அதன் சான்றளிக்கப்பட்ட படி உரிய கவுன்ட்டிகளின் பத்திரப் பதிவாளரிடம் பதிவாகியிருக்கிறதா என்று நேரில் பாருங்கள். நாளை நிலத்தைத் தேடும் பொறியாளரோ நிறுவனமோ முதலில் பார்க்கப்போவது அந்தப் பதிவேட்டைத்தான்.

படி 6: கூட்டாட்சிச் சட்டத்தின் துணை

மாநிலத்தின் பூட்டுகளுக்கு மேல் வாஷிங்டன் போட்டுவைத்த இரண்டு பூட்டுகள் உண்டு. 1965-இல் நடைமுறைக்கு வந்த நில, நீர் பாதுகாப்பு நிதிச் சட்டத்தின் 6(எஃப்) பிரிவின்படி, அந்த நிதியால் வாங்கப்பட்ட அல்லது மேம்படுத்தப்பட்ட பூங்கா நிலத்தைத் திறந்தவெளிப் பொதுப் பொழுதுபோக்கு அல்லாத பயனுக்கு மாற்ற, பொது நிலங்களைக் கவனிக்கும் கூட்டாட்சி உள்துறையின் செயலாளர் ஒப்புதல் தர வேண்டும். சந்தை மதிப்பிலும் பயனிலும் ஈடான மாற்று நிலமும் தர வேண்டும். ஒரு கழிப்பறைக் கட்டடத்துக்கோ படகுத்துறைக்கோ பெற்ற சிறு மானியம்கூட, மானிய ஆவணத்தோடு இணைத்த வரைபடத்தின் எல்லை முழுவதையும் கட்டிப்போடும். எனவே உங்கள் பூங்கா எப்போதாவது இந்த நிதியைப் பெற்றதா என்று மாநில அலுவலகத்தில் கேட்டு, அந்த வரைபடத்தின் படியை வாங்கிவையுங்கள். பெறவில்லையென்றால், விண்ணப்பிப்பதற்குப் பணத்தை விட இந்தப் பாதுகாப்பே வலுவான காரணம். 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்த நிதிக்கு ஆண்டுதோறும் 90 கோடி டாலர் நிலையாகக் கிடைக்கிறது.

இன்னொன்று சாலைகளுக்கு எதிரானது. 1966-ஆம் ஆண்டுப் போக்குவரத்துத் துறைச் சட்டத்தின் 4(எஃப்) பிரிவு, ஏற்கத்தக்க மாற்று வழி இருக்கும்போது பொதுப் பூங்காவின் ஊடே கூட்டாட்சி நிதியில் சாலை போடக் கூடாது என்கிறது. மெம்ஃபிஸ் நகரின் ஓவர்ட்டன் பூங்காவில் 26 ஏக்கரை ஐ-40 நெடுஞ்சாலைக்கு எடுக்க முயன்றபோது, குடிமக்கள் குழு தொடுத்த வழக்கில் 1971-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை உறுதியாக நிலைநாட்டியது. நெடுஞ்சாலை அந்தப் பூங்காவின் ஊடே இன்றுவரை போகவில்லை.

படி 7: மூன்றாவது காவலாளி

மாநிலமே உரிமையாளர், மாநிலமே காவலாளி என்றிருந்தால், மாநிலத்தின் மனம் மாறும் நாளில் தடுக்க யாருமில்லை. ஆகவே, இயன்ற இடங்களில் பாதுகாப்புப் பாத்தியதை ஒன்றை இலாப நோக்கற்ற நில அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுக்கச் செய்யுங்கள். நிலம் மாநிலத்திடம் இருக்கும். அதைக் கட்டடமாக்கவோ குவாரியாக்கவோ விடாமல் தடுக்கும் உரிமை அறக்கட்டளையிடம் இருக்கும். எழுதும் நாளில் நிலம் இருந்த நிலையைப் படங்களோடும் வரைபடத்தோடும் அடிநிலை அறிக்கையாகத் தயாரித்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஆண்டுக்கொரு முறை அறக்கட்டளையின் ஆள் எல்லை நெடுக நடந்து பார்க்க வேண்டும். அந்த அறிக்கை இல்லாமல் மீறலை மெய்ப்பிப்பது மிகக் கடினம்.

தனியார் தானமாகக் கொடுப்பவருக்கு இந்த அதிகாரம் இன்னும் பெரியது. மெய்ன் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் பெர்சிவல் பாக்ஸ்டர், கட்டாடின் மலையைச் சுற்றிய காட்டைத் தன் சொந்தப் பணத்தில் வாங்கி, 1931 முதல் 1962 வரை துண்டுத் துண்டாக மாநிலத்துக்குக் கொடுத்தார்; கடைசியில் அது 2,00,000 ஏக்கரைத் தாண்டியது. ஒவ்வொரு முறையும், மக்களுக்கான அறக்கட்டளைச் சொத்தாக, இயற்கையான காட்டு நிலையிலேயே என்றென்றும் வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் எழுதினார். பராமரிப்புக்கென ஒரு நிதியையும் விட்டுச் சென்றார். அவர் கேட்டபோது சட்டமன்றம் அமைக்க மறுத்த பூங்காவை, ஒரு மனிதராகவே முப்பது ஆண்டுகளில் பத்திரம் பத்திரமாக எழுதி முடித்தார்.

படி 8: பூட்டிய பிறகு

ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலைகள் சில மட்டுமே, ஆனால் தவறக் கூடாதவை. பூங்காவின் மேலாண்மைத் திட்டம் திருத்தப்படும்போது பொது விசாரணைக்குச் சென்று, உங்கள் கருத்தை எழுத்தில் பதிவு செய்யுங்கள். பின்னாளில் வழக்கு என்று வந்தால் அந்தப் பதிவு உதவும். தொடர்ந்து அந்தப் பூங்காவுக்குச் சென்றுவரும் உறுப்பினர்களின் பெயர்களையும் நாட்களையும் குறித்துவையுங்கள், ஏனெனில் நேரடியாகப் பாதிக்கப்படுபவர் யார் என்று நீதிமன்றம் கேட்கும். பூங்காவை ஒட்டிய தனியார் நிலங்கள் விற்பனைக்கு வருகின்றனவா என்று கவனியுங்கள்.

புதிதாக வாங்கப்பட்ட துண்டுகளின் பட்டியலையும் தொடர்ந்து எழுதி வாருங்கள். வட கரோலினாச் சட்டமன்றத்தின் நீண்ட கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளின் ஜனவரியில் தொடங்கும். அதற்கு முந்தைய கோடையிலேயே பூங்காத் துறையிடம் கடைசிச் சேர்க்கை நாளைக் கேட்டு, அதன் பிறகு வந்த ஒவ்வொரு நிலத்தின் பத்திரப் புத்தக எண்ணையும் பக்க எண்ணையும் எடுத்து, இலையுதிர் காலத்துக்குள் வரைவோடு உறுப்பினரின் மேசையில் வைத்துவிட வேண்டும்.